அந்த மூன்று பேர் மாதிரி ஆக வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். வயது 25. போன வருஷம் பெங்களூரிலிருந்து மூன்று கன்சல்டன்ட்கள் எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் டை, அதாவது அச்சு, மாற்ற ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வந்தவர்கள். பக்கத்து ஷெட்டோடு ஒரே க்ரேனைப் பங்கு போடுவதால்தான் என்று எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் கடைசியில் அதையேதான் திரையில் போட்டுக் காட்டினார்கள். பிளான்ட் ஹெட் எழுந்து போய்க் கை கொடுத்தார். அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது, ஆசையும் வந்தது. ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி, எம்பிஏ படித்து, மேனேஜ்மென்ட் கன்சல்டிங் போக வேண்டும் என்று இப்போது ஒரே யோசனை. ஆனால் 'ஏன் கன்சல்டிங்?' என்று இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்களாம். என்னிடம் பதில் இல்லை. யூடியூப்பில் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். பணத்துக்காகத்தான் ஆசைப்படுகிறேனோ என்றும் சந்தேகம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் பிளான்ட் ஹெட் கை கொடுத்தது இருக்கிறது, திரை இருக்கிறது, பின்னால் நின்ற சூப்பர்வைசர் அண்ணன் இருக்கிறார். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் அந்த மூன்று பேரும் உங்கள் பிரஸ் ஷாப்பில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. நீங்கள் வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் மனசு எதைப் பிடித்துக்கொண்டது என்பது அதில் தெரிகிறது. நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இடத்தைச் சுற்றித்தான்.

நான் தர்மபுரிக்காரி. பெங்களூரில் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் பல வருஷம் இருந்தேன். இப்போது ஓசூர் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளோடு வேலை செய்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிற பிள்ளைகளை இன்டர்வியூ எடுத்தும் இருக்கிறேன். என் அப்பாவுக்கு நான் பார்த்த வேலையைக் கடைசிவரை விளக்க முடியவில்லை. 'கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிற வேலை' என்றேன். 'யோசனைக்குக் காசா? நம்மூர்ல சும்மாவே சொல்றாங்களே' என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஏன் காசு கொடுக்கிறார்கள் என்று தெரியாமல், அந்த வேலைக்கு ஏன் போக வேண்டும் என்று யோசிக்க முடியாது.

முதலில் உங்கள் க்ரேன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணன் சொன்னதும் அவர்கள் சொன்னதும் ஒன்றுதான் என்கிறீர்கள். முழுக்க ஒன்றாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். அண்ணன் என்ன சொல்லியிருப்பார்? 'க்ரேன் வர லேட்டாகுது சார், இன்னொன்னு போடுங்க.' அந்த மூன்று பேர் என்ன செய்திருப்பார்கள்? கடிகாரத்தோடு லைனில் நின்றிருப்பார்கள். ஒரு டை மாற்ற 50 நிமிஷம் ஆகிறது, அதில் 20 நிமிஷம் க்ரேனுக்குக் காத்திருப்பு, ஒரு நாளைக்கு 6 தடவை டை மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 2 மணி நேரம், 25 வேலை நாளுக்கு 50 மணி நேரம் பிரஸ் சும்மா நிற்கிறது. அந்த 50 மணி நேரத்தில் எத்தனை பீஸ் அடித்திருக்கலாம், அதற்கு ஆர்டர் இருக்கிறதா, இருந்தால் எத்தனை ரூபாய், புது க்ரேன் என்ன விலை, க்ரேன் வாங்காமல் இரண்டு ஷெட்டின் டை மாற்றும் நேரத்தையும் முன்பின்னாகத் தள்ளினாலே போதுமா? இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டியிருப்பார்கள். பிளான்ட் ஹெட் கை கொடுத்தது அந்தப் பக்கத்துக்கு. அண்ணனுக்குத் தெரிந்த உண்மை ரூபாய்க் கணக்காக மாறியபோதுதான், தலைமை அலுவலகத்தில் பணம் கேட்க பிளான்ட் ஹெட் கையில் ஒரு காகிதம் கிடைத்தது.

ஆகவே அவர்கள் சும்மா ஏமாற்றிவிட்டுப் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் அந்த வேலைக்காக மட்டுமே கம்பெனிகள் கன்சல்டன்டைக் கூப்பிடுகின்றன என்றும் நினைக்க வேண்டாம். சில நேரம் உள்ளே இல்லாத அனுபவம் வேண்டியிருக்கும். வேறு பத்துத் தொழிற்சாலைகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்த ஆள் வேண்டும். சில நேரம் உள்ளே இருக்கிற எல்லாரும் அன்றாட உற்பத்தியில் மூழ்கியிருப்பார்கள், மூன்று மாதத்துக்கு நாலு நல்ல மூளைகள் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான். வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. முடிவை ஏற்கனவே எடுத்திருப்பார்கள். அதை வெளியாள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பங்காளிகள் இரண்டு பேர் ஒருவர் சொல்வதை ஒருவர் ஏற்க மாட்டார்கள் என்பதற்காக, வெளியூர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பதில்லையா, அது மாதிரி. பெரியவருக்குத் தோப்பின் எல்லை தெரியாது. இரண்டு பக்கமும் கேட்டுத்தான் சொல்வார். ஆனால் அவர் சொன்னால் நிற்கும்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல கன்சல்டன்ட் அந்தக் கூட்டத்தில் உங்கள் அண்ணனை முன்னால் உட்கார வைத்திருப்பார். 'இதை முதலில் கண்டுபிடித்தவர் இவர்' என்று அந்த முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார். இது பெருந்தன்மை பற்றிய விஷயம் மட்டும் இல்லை. கன்சல்டன்ட் போன பிறகு அந்த மாற்றத்தை நடத்திக் காட்டப்போவது அவர்தான். அவர் மனசு விட்டுப்போனால் அந்த ஸ்லைடுக் கட்டு அலமாரியில்தான் தூங்கும். உங்களுக்கு வந்த கோபம் சரியான கோபம். அதை மறக்காதீர்கள், இந்தத் தொழிலுக்குள் வந்தால் நிறையப் பயன்படும்.

இப்போது ஆசைக்கு வருவோம்.

உங்களை இழுத்தது அந்தக் கை கொடுத்த காட்சி என்றால், ஒரு செய்தி: சேர்ந்த முதல் சில வருஷங்கள் அந்தக் கை உங்களை நோக்கி நீளாது. நிறுவனத்தின் மேல்படியில் இருக்கிற பார்ட்னரை நோக்கி நீளும். புதிதாகச் சேர்ந்த அனலிஸ்ட் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்து எந்த ஸ்லைடு என்று கவனித்துக்கொண்டிருப்பார். சில கூட்டங்களுக்கு அவரை உள்ளேயே விடமாட்டார்கள். பகலில் கிளையன்ட்டின் ஆட்களிடம் தரவு கேட்டு நடப்பது, அவர்கள் 'நாளைக்குத் தர்றேன்' என்று இழுத்தடிப்பது, ராத்திரி எக்செல்லில் இரண்டு கணக்குகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவது, நடுராத்திரியில் 'மூன்றாவது பக்கத்தின் தலைப்பு வலுவாக இல்லை' என்று மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ். ஞாயிறு ராத்திரி பெட்டி கட்டி, திங்கள் விடியலில் விமானம், வியாழன் ராத்திரி திரும்புவது என்று பல புராஜெக்ட் ஓடும். போகிற ஊரில் பார்ப்பதெல்லாம் ஹோட்டல் அறையும் கிளையன்ட்டின் கான்ஃபரன்ஸ் ரூமும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இன்று அந்த மூன்று பேரைப் பார்த்த அதே பார்வையோடு, ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு குவாலிட்டி இன்ஜினியர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு தெரிந்தும் ஆட்கள் ஏன் வருகிறார்கள்?

பணம், ஆமாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூன்று ஏக்கர் மானாவாரித் தோப்பை நம்பிய குடும்பத்திலிருந்து வருகிற பிள்ளை சம்பளத்தைப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ஆனால் பணம் மட்டும் காரணமாக இருந்தால், இரண்டாவது வருஷம் எந்தப் பன்னாட்டு வங்கியோ ஐடி கம்பெனியோ அதே சம்பளத்தில் கொஞ்சம் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறதோ அங்கே போய்விடுவார்கள். போகவும் வேண்டும்.

இரண்டாவது, பெயர். அந்த நிறுவனத்தின் முத்திரை ரெஸ்யூமேயில் இருந்தால் அடுத்த கதவுகள் திறக்கும் என்பது உண்மை. சென்னையில் பிறந்த இந்திரா நூயி பெப்சிகோவுக்குத் தலைவராகும் முன், 1980ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்ததும் சேர்ந்தது பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2004ல் கூகுளுக்குப் போகும் முன் மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் இருந்தார். உறவுக்காரர்கள் உங்களிடம் இந்த இரண்டு பேரையும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, இருவரும் கன்சல்டிங்கை விட்டு வெளியே வந்துதான் அந்த உயரத்துக்குப் போனார்கள் என்பதை. நிறையப் பேருக்கு இந்த வேலை ஒரு வழித்தங்கல். 'என்ன ஆவது என்று தெரியவில்லை, அதுவரை நாலு தொழிலைப் பார்க்கலாம்' என்று வருபவர்களும் இதில் சேர்த்திதான். 25 வயதில் அது தப்பான காரணமே இல்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் இன்டர்வியூவில் சொல்ல மாட்டார்கள். பள்ளியிலிருந்து முதல் ரேங்க், அது போய்விடுமோ என்று உள்ளே எப்போதும் ஒரு பயம். ஆள் எடுப்பவர்களுக்கு இந்த வகை நன்றாகத் தெரியும், விரும்பியே எடுப்பார்கள். இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. மெக்கின்சியை 1926ல் தொடங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், ஜேம்ஸ் மெக்கின்சி. அவருக்குப் பின் நிறுவனத்தை வளர்த்த மார்வின் போவர் ஒரு வக்கீல். தொழில் அனுபவம் பழுத்த ஆட்களை மட்டும் எடுப்பதை மாற்றி, 1950களில் பிசினஸ் ஸ்கூலிலிருந்து நேராக இளைஞர்களை எடுக்கும் பழக்கத்தைப் பெரிதாக்கினார். அனுபவம் இல்லாத 25 வயதுக்காரர் ஐம்பது வயது பிளான்ட் ஹெட் முன்னால் நிற்கும் காட்சி அங்கிருந்துதான் வருகிறது. அதோடு சேர்ந்து வந்தது 'மேலே ஏறு, இல்லை வெளியே போ' என்கிற விதி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடுத்த படிக்குப் போக வேண்டும். போகாதவர்களை மரியாதையாக வழியனுப்பிவிடுவார்கள். ரேங்க் பயத்தில் ஓடுகிற பிள்ளைக்கு அந்தப் பயம் தீர்கிற நாளே இல்லாத இடம் அது. உங்களுக்கு அந்தப் பயம் இருக்கிறதா என்பது கடிதத்தில் தெரியவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீடித்து இருப்பவர்கள். இந்த வேலையில் பத்துப் பதினைந்து வருஷம் சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் நான் பார்த்த குணம் ஒன்று உண்டு. அடுத்தவர் தொழிலுக்குள் நுழைந்து அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில் அவர்களுக்குத் தீராத ஆசை. போன மாதம் சிமென்ட், இந்த மாதம் ஆஸ்பத்திரி, அடுத்த மாதம் பால். அதைவிட முக்கியமானது, கண்டுபிடித்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்ப அவர்களால் முடியும். அந்த யோசனை நடந்ததா, எப்படி நடந்தது என்று பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்காது. யாரோ ஒருவர் வேறு மாதிரி செய்து தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அதில் இவர்களுக்கு மனத்தாங்கல் வராது. நட்ட செடி காய்ப்பதைத் தானே பார்த்தாக வேண்டும் என்கிற மனசு உள்ளவருக்கு இந்த வேலை தினமும் உறுத்தும். அவர் கெட்டிக்காரராகக்கூட இருப்பார், ஆனால் நிறைவு இருக்காது.

கிளம்பிப் போவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் பர்டியூ ஃபார்மா என்ற மருந்துக் கம்பெனிக்கு, ஆக்ஸிகான்டின் என்ற போதையேற்றும் வலி மாத்திரையின் விற்பனையைக் கூட்ட யோசனை சொன்ன விவகாரத்தில் மெக்கின்சி சிக்கியது. 2021ல் மாநில அரசுகளோடு 57.3 கோடி டாலருக்கும், 2024 டிசம்பரில் மத்திய நீதித்துறையோடு 65 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டது. அந்த ஸ்லைடுகளைச் செய்த அனலிஸ்ட்களும் உங்கள் வயதுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். மாத்திரை போய்ச் சேர்ந்த ஊர்களை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 'சமுதாயத்தில் தாக்கத்தை உண்டாக்க வேண்டும்' என்று இன்டர்வியூவில் சொல்கிற பிள்ளைகளிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல் வரும். தாக்கம் எந்தப் பக்கமும் போகும்.

சரி, உங்களுக்கு அந்தக் குணம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு கிளையன்ட் இருக்கிறார், உங்கள் அப்பா. அவருக்கு வருஷா வருஷம் வருகிற கேள்வி ஒன்று உண்டு: தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவதா, தானே பறித்து மண்டியில் போடுவதா?

இதை ஒழுங்காக எடுத்து ஆராயுங்கள். தோப்பில் எத்தனை பெங்களூரா மரம், எத்தனை அல்போன்சா, எத்தனை செந்தூரா? போன ஐந்து வருஷமாக ஒவ்வொன்றிலும் என்ன காய்ப்பு? அல்போன்சா ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்வெடுக்கும் மரம், பெங்களூரா அவ்வளவு மோசம் இல்லை, ஆகவே சராசரி போட்டால் ஏமாறுவீர்கள். மருந்தடிக்கும் செலவு, பறிக்கிற கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன், கழிவு. பிறகு விலை. பெங்களூரா காயின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிருஷ்ணகிரியைச் சுற்றியிருக்கிற கூழ் ஆலைகள். ஆலை ஏன் ஒரு வருஷம் போட்டி போட்டு வாங்குகிறது, இன்னொரு வருஷம் லாரியை வாசலிலேயே காக்க வைக்கிறது? போன வருஷத்துக் கூழ் டிரம்களில் விற்காமல் கிடக்கிறதா? வெளிநாட்டு ஆர்டர் எப்படி? பக்கத்துச் சித்தூரில் விளைச்சல் எப்படி? சீசன் சில மாதம்தான், மற்ற மாதங்களில் அந்த ஆலை என்ன செய்கிறது? மண்டிக்காரர் ஒருவரிடமும் குத்தகைக்காரர் ஒருவரிடமும் ஆலைக்குக் காய் அனுப்புகிற ஒருவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று பேரும் மூன்று கதை சொல்வார்கள். ஒவ்வொரு கதையும் சொல்பவருக்கு ஏன் வசதியாக இருக்கிறது என்று யோசியுங்கள்.

எல்லாம் சேர்த்துப் போட்டால், தானே விற்றால்தான் சராசரியில் லாபம் கூட வரும் என்று கணக்கு காட்டக்கூடும். அங்கே நிறுத்தினால் அது கல்லூரிப் புராஜெக்ட். குத்தகைக்காரர் கொடுக்கிற குறைந்த தொகையில் ஒரு காப்பீடு ஒளிந்திருக்கிறது. ஆலங்கட்டி மழை பெய்தாலும், கிலோ விலை அடிமட்டத்துக்குப் போனாலும் நஷ்டம் அவருடையது, உங்கள் அப்பாவின் பணம் முன்னாலேயே கையில். ஆகவே உண்மையான கேள்வி, ஒரு கெட்ட வருஷத்தை உங்கள் வீடு தாங்குமா என்பது. உங்கள் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை தாங்கும். நீங்கள் இரண்டு வருஷம் படிக்கப் போய்விட்டால்? பார்த்தீர்களா, தோப்புக் கேள்வியும் எம்பிஏ கேள்வியும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

இதை இரண்டு பக்கத்தில் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் கேட்டுவிட்டு, 'எல்லாம் சரிம்மா, குத்தகைக்காரன் நமக்கு வேண்டியவன்' என்று போன வருஷம் செய்ததையே செய்யலாம். அப்போது உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். மண்டியில் நின்று கேட்ட நாட்கள் நன்றாக இருந்தன, அப்பா எதைச் செய்தாலும் பரவாயில்லை, அடுத்து தக்காளி மண்டியைப் பார்த்தால் என்ன என்று தோன்றினால், நீங்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டியவர். அப்பா கேட்கவில்லையே என்கிற ஆத்திரம் மட்டும் மிஞ்சினால், அதுவும் நல்ல குணம்தான். ஆனால் அந்தக் குணத்துக்குத் தொழிற்சாலைக்குள்ளேயே இருப்பதுதான் பொருத்தம்.

இன்டர்வியூ பதிலும் இதிலேயே கிடைத்துவிடும். 'சவால் பிடிக்கும், பல துறைகளைக் கற்றுக்கொள்ளலாம், வேகமாக வளரலாம்' என்பதை அன்று காலையிலிருந்து பலர் சொல்லியிருப்பார்கள். எதிரே இருப்பவர் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பார். நீங்கள் க்ரேன் கதையைச் சொல்லுங்கள், அண்ணன் பின்னால் நின்றதையும் சேர்த்து. கோபம் வந்தது என்றும் சொல்லுங்கள். பிறகு தோப்புக் கணக்கைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் உங்கள் முதல் அனுமானம் தப்பாகப் போனது என்று சொல்லுங்கள். ஒரு கம்பெனியின் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே ஆராயச் சொல்கிற கேஸ் இன்டர்வியூவில் அவர்கள் பார்ப்பதும் அதைத்தான்: பெரிய கேள்வியை ஒன்றோடொன்று மோதாத சிறு கேள்விகளாகப் பிரிக்கத் தெரிகிறதா, கணக்கில் தடுமாறினால் நின்று சரிசெய்கிறாரா, புதுத் தகவல் வந்ததும் முடிவை மாற்றிக்கொள்கிறாரா. பணமும் ஒரு காரணமா என்று யாராவது நேராகக் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

வழியைப் பற்றிச் சுருக்கமாக. கேட் தேர்வு வழக்கமாக நவம்பர் கடைசியில் நடக்கும், பதிவு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். 2 மணி நேரம், மூன்று பகுதி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு பயமில்லை, ஆங்கில வாசிப்புப் பகுதிதான் காலை வாரும். தினமும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை படிக்கிற பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். முதல் வரிசை கன்சல்டிங் நிறுவனங்கள் அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐஐஎம்கள், ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) போன்ற சில வளாகங்களில்தான் அதிகம் ஆள் எடுக்கின்றன. இது நியாயமில்லைதான், ஆனால் நடப்பு அதுதான். அந்தப் பெரிய ஐஐஎம்களில் இரண்டு வருஷக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தோப்பை அடகு வைக்கிற பேச்சு வீட்டில் வந்தால் உடனே நிறுத்துங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் பிணையும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

ஓசூரில் 'கன்சல்டன்சி' என்று போர்டு மாட்டி, வேலை வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கிற இடங்கள் உங்களுக்கே தெரியும். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

எம்பிஏ இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரிலேயே. சிறு, குறு தொழில்களில் வீணாவதைக் குறைக்கிற லீன் திட்டத்தை மத்திய அரசு 2023ல் புதுப்பித்தது. சின்னப் பட்டறைக்குக் கன்சல்டன்ட் வந்து வழிகாட்டுகிற செலவில் 90 சதவீதத்தை அரசே தருகிறது. சிப்காட் பெரிய கம்பெனிகளுக்குப் பீஸ் அடித்துக் கொடுக்கிற ஷெட்கள் ஓசூரில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அங்கே டை மாற்றும் நேரத்தைப் பாதியாக்கத் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கிறது. திரையும் கிடையாது, கோட்டும் கிடையாது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, 'மேடம், அடுத்த வாரமும் வந்துடுங்க' என்பார். நான் இப்போது செய்வது இதுதான். சம்பளம் பெங்களூரில் வாங்கியதில் பாதிகூட இல்லை, கிளையன்ட் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டர் தூரத்தில். உள்ளேயே இருந்து மாற்ற வேண்டும் என்று தோன்றினால், ஓசூருக்கு அதுவும் புதிதல்ல. டிவிஎஸ் மோட்டார் 2002ல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசை வாங்கியது. அந்தத் தர முறையில் மெஷினில் நிற்பவர் சொல்கிற யோசனைக்குத்தான் முதல் இடம். அந்தப் பழக்கம் உள்ள கம்பெனியில் உங்கள் அண்ணன் பின்னால் நின்றிருக்க மாட்டார்.

கல்யாணப் பேச்சு பற்றி. வருகிற வரனிடம் 'மேல படிக்கலாமா?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் தாராளமாக என்றுதான் சொல்வார்கள். 'வாரத்துக்கு நாலு ராத்திரி நான் வேறு ஊர் ஹோட்டலில் இருப்பேன், இரண்டு வருஷம் சம்பளம் இருக்காது, கடன் இருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். அம்மாவிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கேட் முடிவு வரும்வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வருஷம், பேச்சைத் தள்ளிவையுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. தேதி போட்டுக் கேட்டால் வீட்டில் ஒப்புக்கொள்வது கொஞ்சம் சுலபம்.

தோப்புக் கணக்கை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். எக்செல் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். மண்டிக்காரர் என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.